ப்ளைத்பர்க் தேவதூதர்களைச் சுட்டது யார்?

சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை சஃபோக் கடற்கரைப் பக்கம் காரில் கிளம்பினோம். ஏ12 சாலையில் ஒரு திருப்பம் தாண்டியதும் ஒரு சர்ச் தெரிந்தது. சுற்றிலும் சேற்று நிலம், நாணல், ஆற்றின் கழிமுகம். ஊர் சிறியது. அதற்கு நடுவே தரைதட்டி நின்றுவிட்ட கப்பல் மாதிரி அவ்வளவு பெரிய கட்டடம். பெயர்ப் பலகையில் ஹோலி டிரினிட்டி, ப்ளைத்பர்க் என்று இருந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு உள்ளே போனோம்.

உள்ளே ஒரே வெளிச்சம். வண்ணக் கண்ணாடி அநேகமாக இல்லை, வெறும் தெளிந்த கண்ணாடிதான். செங்கல் தரை, நரைத்துப் போன பழைய மரம். அண்ணாந்து பார்த்தால் கூரையின் நடு உத்தரம் நெடுக, சிறகை விரித்தபடி மரத்தில் செதுக்கிய தேவதைகள். எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், கீழே பார்க்கவே மனம் வரவில்லை.

பக்கத்தில் ஒருவர் தன் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: கிராம்வெல்லின் (1640-களின் ஆங்கிலேய உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்த பாராளுமன்றப் பக்கத் தளபதி) சிப்பாய்கள் குதிரைகளோடு உள்ளே புகுந்து இந்தத் தேவதைகளைக் குறிபார்த்துச் சுட்டார்களாம், குண்டுகள் இன்னும் மரத்துக்குள் இருக்கின்றனவாம். வடக்குக் கதவில் கருகிய தடங்கள் இருக்கின்றனவாம், அவை பேய் நாயின் நகக்கீறல்களாம். இதில் எது உண்மை? அப்புறம், இத்தனை சின்ன ஊருக்கு இத்தனை பெரிய சர்ச் எதற்கு?

---

நோர்விச்_நாடோடி எழுதியது:

நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள். உள்ளூரில் ஊர்ப் பெயரை 'ப்ளைபரா' என்றுதான் சொல்வார்கள். 'சதுப்பு நிலத்தின் கதீட்ரல்' என்ற பட்டப்பெயரும் உண்டு.

குண்டுக் கதை உண்மைதான். கிராம்வெல் ஆட்கள் இந்தப் பக்கத்தில் ஒரு சர்ச்சையும் விட்டுவைக்கவில்லை. நடுக்கூடத்துத் தூண்களில் குதிரை கட்டிய வளையங்களைப் பார்த்தீர்களா? நாயின் பெயர் பிளாக் ஷக். 1577-இல் வந்தது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நாடோடி, 'உண்மைதான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், இந்தப் பகுதி சர்ச்சுகளில் சிலை உடைத்தவர் கிராம்வெல் இல்லை. வில்லியம் டவுசிங் என்ற ஆள். ப்ளைத்பர்க்கிலிருந்து அதிக தூரமில்லாத லாக்ஸ்ஃபீல்ட் ஊர்க்காரர், கட்டுப்பாடான பியூரிட்டன், அதாவது சர்ச்சில் படமும் சிலையும் கூடாது என்ற புராட்டஸ்டண்ட் பிரிவு. 1643 டிசம்பரில் பாராளுமன்றப் படையின் தளபதி மான்செஸ்டர் பிரபு இவருக்கு அதிகாரம் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலுமாக சுமார் 250 சர்ச்சுகளுக்குப் போனார். நம் அதிர்ஷ்டம், மனிதர் நாள்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். எந்த ஊரில் எத்தனை படம், எத்தனை சிலுவை, யாருக்கு என்ன உத்தரவு என்று வரி வரியாக இருக்கிறது. ஒரு சர்ச்சுக்கு 6 ஷில்லிங் 8 பென்னி கட்டணம். உடைக்கப் போன இடத்திலும் வசூல்.

ப்ளைத்பர்க்குக்கு அவர் வந்தது 1644 ஏப்ரலில். அந்தக் குறிப்பில் கூரையிலும் பீடப்பகுதியிலும் உள்ள 20 கேருபீன்களை (சிறகுள்ள தேவதூதர்கள்) இறக்க வேண்டும் என்று இருக்கிறது. மேலும் 200 படங்களுக்கு மேல் 8 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. துப்பாக்கி பற்றி ஒரு சொல் கிடையாது. உடைத்ததைப் பெருமையாகக் கணக்கெழுதும் மனிதர், சுட்டிருந்தால் அதை விட்டிருப்பாரா?

அடுத்தது ஈயம். 1970-களில் கூரையைச் செப்பனிட்டபோது மரத்தில் ஈயம் கிடைத்தது நிஜம். ஆனால் அது பறவை சுடும் பொடிக்குண்டு, 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வகை. உள்நாட்டுப் போர்க் காலத்து மஸ்கெட் (சிப்பாயின் நீளத் துப்பாக்கி) குண்டு சுமார் 18 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ள உருண்டை. அது பட்டிருந்தால் சிறகில் ஓட்டை விழாது, சிறகே இருந்திருக்காது. பிறகு சர்ச் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால், 1761 வாக்கில் ஜாக்டா பறவைகளைச் சுட வெடிமருந்தும் ஈயமும் வாங்கியதற்குச் செலவு எழுதியிருக்கிறது.

ஜாக்டா காக்கை இனத்தில் சின்னது. பழைய கட்டடத்தில் ஒரு பொந்து கிடைத்தால் போதும், சுள்ளியாகக் கொண்டுவந்து கொட்டிவிடும். ஆக, தேவதூதர்களைச் சுட்டது எதிரிப் படை இல்லை, காக்கை விரட்டப்போன சொந்த சபைக்காரர்கள்.

---

நெல்லைச்சீமை எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணாச்சி, அருமை. பெயருக்கு ஏற்ற பதிவு.

சாரல் தங்கச்சிக்கு ஒரு சின்ன திருத்தம். தேவதை வேறு, தேவதூதர் வேறு. எங்கள் பாட்டி கத்தோலிக்க வீட்டில் பிறந்தவர், அவர் வாயில் 'சம்மனசு'தான். பாரிஷ் என்பதற்கு எங்கள் சி.எஸ்.ஐ. பக்கம் 'சேகரம்' என்போம். ஆங்கிலிக்கன் வழியில் வந்த ஏற்பாடு அது, அதனால் இந்த வார்டன் கணக்கு, சபைக் கணக்கு எல்லாம் படிக்கும்போது வீட்டு விஷயம் மாதிரியே இருக்கிறது.

ஒரு சந்தேகம். டவுசிங் இறக்கச் சொல்லியும் ஏன் இறக்கவில்லை? யாரும் தட்டிக் கேட்கவில்லையா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அண்ணாச்சி, இதற்கு நேரடிச் சான்று எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. என் ஊகத்தைச் சொல்கிறேன். டவுசிங் வந்த அன்று கைக்கு எட்டியதை உடைப்பார். எட்டாததை உடைக்கச் சொல்லி ஊர் வார்டன்களிடம் (சர்ச் நிர்வாகிகள்) உத்தரவு போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சாரம் கட்டுவது, ஆள் கூலி எல்லாம் ஊர்க்காரர் தலையில். அந்தக் கூரையின் உயரத்தைச் சாரலிடம் கேளுங்கள், கழுத்து வலியோடு சொல்வார். ஊரிலோ அப்போது காசு இல்லை. பக்திக்காகக் காப்பாற்றினார்களா, கஞ்சத்தனத்தால் காப்பாற்றினார்களா என்று கேட்டால் என் வாக்கு இரண்டாவதற்கு.

---

பழங்கல் எழுதியது:

இவ்வளவு பெரிய சர்ச் எதற்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே.

இன்றைய ஊரை வைத்து அளக்கக் கூடாது. ப்ளைத்பர்க் ஒரு காலத்தில் துறைமுகம், சந்தை ஊர். ஹெரிங் மீன், கம்பளி, துணி எல்லாம் படகில் போய் வந்தன. ஊர் அதைவிடப் பழையது. கி.பி. 654 வாக்கில் பக்கத்து நாடான மெர்சியாவின் அரசர் பெண்டாவோடு நடந்த போரில் இறந்த கிழக்கு ஆங்கிலியா அரசர் அன்னாவை (ஆண்தான், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்) இங்கேதான் புதைத்தார்கள் என்பது மரபு. இங்கே கிடைத்த 8-ஆம் நூற்றாண்டுத் திமிங்கில எலும்பு எழுத்துப் பலகை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அந்தக் காலத்திலேயே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்த இடம்.

பக்கத்திலேயே அகஸ்டினியன் துறவிகளின் சிறு மடம் இருந்தது. 1412-இல் நான்காம் ஹென்றி அந்த மடத்துக்குச் சர்ச்சைத் திரும்பக் கட்ட அனுமதி கொடுத்தார். பழைய 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் 15-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. நீங்கள் பார்த்த வெளிச்சம் சும்மா வந்ததில்லை. அந்தக் கால பெர்பெண்டிகுலர் பாணியின் குறியே அதுதான்: சுவரைக் குறை, ஜன்னலைக் கூட்டு. நடுக்கூடத்தின் மேல்வரிசையில் மட்டும் பக்கத்துக்கு 18 ஜன்னல். பக்கவாட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு கண்ணாடி வேலி மாதிரி ஓடும். வெளியே சாலையிலிருந்து பார்த்தால் வடக்கு ஜன்னல் வழியாகத் தெற்கு ஜன்னல் தெரிந்து, அதற்கப்பால் வானமும் தெரியும். கட்டடத்துக்கு எடையே இல்லாத மாதிரி ஒரு மயக்கம் வருவது அதனால்தான்.

சுவரை அருகில் போய்ப் பார்த்தீர்களா? சஃபோக்கில் நல்ல கட்டடக் கல் அநேகமாகக் கிடையாது, தாராளமாகக் கிடைப்பது சக்கிமுக்கிக்கல்தான். அதை உடைத்தால் உள்முகம் கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அந்த முகத்தை வெளியே காட்டி, வெளியூரிலிருந்து படகில் வந்த வெளிர் சுண்ணாம்புக்கல்லின் வரிகளுக்கு நடுவே சமதளமாகப் பதிப்பார்கள். கறுப்பு வெள்ளையில் கோலம் போட்ட மாதிரி இருக்கும். இல்லாத கல்லுக்கு ஏங்காமல் இருக்கிற கல்லை நகையாக்கிய வேலை இது. இங்கிலாந்தில் எனக்கு மிகப் பிடித்த கட்டடக் கலை இதுதான், யாரும் சண்டைக்கு வரலாம்.

கிழக்குச் சுவரில், பெரிய ஜன்னலுக்குக் கீழே, கிரீடம் வைத்த தனித்தனி எழுத்துகள் ஒரு வரிசை இந்த முறையில்தான் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு லத்தீன் சொல்லின் முதலெழுத்து என்றும், சேர்த்தால் இயேசுவின் பெயரால், திரித்துவம், மரியாள், அன்னாள், கத்தரீன் மதிப்புக்காக மீண்டும் கட்டப்பட்டது என்று வரும் என்றும் ஒரு விளக்கம் உண்டு. எழுதியவர்கள் சாவியை விட்டுப்போகவில்லை.

---

நோர்விச்_நாடோடி எழுதியது:

சரி, குண்டு விஷயத்தில் தோற்றேன். ஆனால் நாயை விடமாட்டேன். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, புயல். இது வரலாறு. அன்று ப்ளைத்பர்க் கோபுரத்தின் கூர்முனை நடுக்கூடத்தில் விழுந்தது என்பார்கள். கதவில் தடம் இருக்கிறது, நானே விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். நாலு விரல் வைத்து இழுத்த மாதிரியே இருக்கும். அதற்கு என்ன கணக்குப் புத்தகம் காட்டப்போகிறீர்கள்?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

காட்டுகிறேன்! :)

அந்த நாய் அச்சில் வந்தது லண்டனில். ஆபிரகாம் ஃபிளெமிங் என்பவர் அதே 1577-இல் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். அதன் பெரும்பகுதி ப்ளைத்பர்க் பற்றியதே இல்லை. சில மைல் தள்ளியுள்ள பங்கே ஊரின் செயின்ட் மேரி சர்ச் பற்றியது. அங்கே ஆராதனை நடுவே கறுப்பு நாய் ஓடியதாம், மண்டியிட்டிருந்த இருவரின் கழுத்தை முறித்ததாம். ப்ளைத்பர்க் கடைசியில்தான் வருகிறது: நாய் அங்கேயும் போய் ஒரு உத்தரத்தில் உட்கார்ந்து, கீழே பாய்ந்து இரண்டு ஆண்களையும் ஒரு பையனையும் கொன்றது, இன்னொருவர் கையைச் சுட்டது என்று.

இப்போது கவனியுங்கள். கல்லிலும் கதவிலும் நகக்குறி இருக்கிறது என்று ஃபிளெமிங் எழுதியது பங்கே சர்ச்சைப் பற்றி. ப்ளைத்பர்க் கதவைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. கதை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நகத்தோடு இடம்பெயர்ந்திருக்கிறது.

பங்கே சர்ச் பதிவேட்டில் அந்த நாளுக்குக் குறிப்பு உண்டு. ஆண்டவருடைய நாளில், ஜெப நேரத்தில், மணிக்கூண்டில் இருந்த இருவர் புயலில் இறந்தார்கள். அவ்வளவுதான். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, நாய் இல்லை. புயலில் ஆள் செத்த ஊரில் இருந்தவன் புயல் என்று எழுதினான். லண்டனில் இருந்து எழுதியவருக்கு நாய் தெரிந்தது.

---

மரவேலை எழுதியது:

தாமதமாக வருகிறேன். தச்சு வேலைதான் என் தொழில், பழைய வீட்டு மரங்களைச் செப்பனிடுவது. அந்தத் தடங்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை.

நான் ப்ளைத்பர்க் கதவைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவை கீறல் இல்லை, தீய்ந்த குழி. மின்னல் ஓக் மரத்தைத் தாக்கினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மரத்தைப் பிளக்கும், சிம்பு சிம்பாகத் தெறிக்கும். இப்படிக் கண்ணீர்த்துளி வடிவில், கீழே அகன்று மேலே கூராக, அளந்து வைத்த மாதிரி தீயாது. அந்த வடிவம் வர மெழுகுத்திரியையோ எரியும் குச்சியையோ மரத்துக்கு அருகே சாய்த்து, அசையாமல் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டும். நான் பழைய ஓக் துண்டில் செய்து பார்த்தேன். கை நடுங்கினால் வடிவம் கெட்டுவிடும். தவறுதலாக நடக்காது, யாரோ வேண்டுமென்று செய்ததுதான்.

இந்த மாதிரித் தடம் இங்கிலாந்தில் பழைய வீடுகளில் ஏராளம். அடுப்பு மேல் உத்தரம், கதவு நிலை, மாட்டுத் தொழுவம். தீ பிடிக்காமல் இருக்க, கெட்டது உள்ளே வராமல் இருக்க, முன்கூட்டியே தீயைக் காட்டி வைத்தது என்று பழங்கட்டட ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ப்ளைத்பர்க் கதவிலும் அதுவே என்றால் வேடிக்கைதான். பேயை விரட்ட வைத்த குறியைப் பேய் வைத்த குறி என்று காட்டிக்கொண்டிருக்கிறோம்.

கூரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது சுத்தியல் உத்தரக் கூரை (சுவரிலிருந்து நீட்டிய குட்டை உத்தரங்கள் தாங்குவது) இல்லை. பலர் அப்படி எழுதுகிறார்கள். தட்டையான கூரை, சுவருக்குச் சுவர் லேசாக நடுவில் வளைந்த உத்தரங்கள், மேலே ஈயத் தகடு. தேவதூதர்கள் உத்தரத்தின் நடுவில் இரண்டிரண்டாக முதுகோடு முதுகு. ஒருவர் பீடத்தைப் பார்க்கிறார், மற்றவர் மேற்கே பார்க்கிறார். எந்தப் பக்கம் நடந்தாலும் ஒருவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். 1390-களில் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலுக்கு ஹியூ ஹெர்லண்ட் தேவதூதர் வைத்த கூரை போட்டார். அடுத்த நூறாண்டில் இந்த ஆசை கிழக்கு ஆங்கிலியா முழுக்கப் பரவியது. கேம்பிரிட்ஜ்ஷயரில் மார்ச் என்ற ஊர்ச் சர்ச்சில் நூற்றுக்கும் மேல் இருக்கிறார்கள். ஆனால் அங்கே கூட்டம், இங்கே அமைதி. சிவப்பும் பச்சையுமாகப் பழைய வண்ணம் இங்கே மங்கலாக அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் யாரும் திரும்பப் பூசவில்லை.

---

சாரல் எழுதியது:

மரவேலை அண்ணா, அந்த 'யாரும் திரும்பப் பூசவில்லை' என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மற்ற பழைய சர்ச்சுகளில் விக்டோரியா காலத்து ஓடு, வார்னிஷ் பூசிய பெஞ்சு, பளிச்சென்ற கண்ணாடி எல்லாம் பார்த்திருக்கிறேன். இங்கே மட்டும் எப்படித் தப்பியது?

---

பழங்கல் எழுதியது:

வறுமையும் ஒரு சண்டையும்.

கப்பல்கள் பெரிதாயின, ஆறு மண்மூடியது, வியாபாரம் கடலோரம் போய்விட்டது. 1537 வாக்கில் எட்டாம் ஹென்றி மடத்தை மூடினார். 1676-இல் ஊரில் தீ. சர்ச் மட்டும் அதே அளவில் நின்றது, பராமரிக்க ஆள் இல்லை. ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள வால்பர்ஸ்விக் ஊர்க்காரர்கள் 1695-இல் அனுமதி வாங்கித் தங்கள் பெரிய சர்ச்சை அவர்களே இடித்து, ஒரு மூலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இன்றும் அந்த இடிபாட்டுக்குள் சின்னதாக ஒரு சர்ச் இருக்கிறது. ப்ளைத்பர்க்காரர்கள் அதையும் செய்யவில்லை. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துக் காலம் தள்ளினார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு ஆராதனையில் உட்காரும் நிலை. 1881 டிசம்பரில் பிஷப் ஆபத்தான கட்டடம் என்று பூட்டிவிட்டார். பணம் திரட்டத் தொடங்கியபோது வில்லியம் மோரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் உள்ளே நுழைந்தது. அவர்கள் சொன்னது: பழுது பார், புதுப்பிக்காதே. உடைந்ததைத் தாங்கு, ஆனால் 15-ஆம் நூற்றாண்டு மாதிரி ஒன்றைப் புதிதாகச் செய்து வைக்காதே. சபைக்கோ கூரை ஒழுகுகிறது, இவர்கள் லண்டனில் உட்கார்ந்து தத்துவம் பேசுகிறார்கள் என்று கோபம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, இழுபறி வருடக்கணக்கில் போனது. 1884-இல் திறந்தபோதும் கையில் பணம் கொஞ்சம்தான். கூரையை அப்படியே விட்டார்கள், வண்ணம் பிழைத்தது.

அந்தக் காலத்தில் பக்கத்தில் ஒரு பணக்காரர் இருந்திருந்தால் நீங்கள் போன சனிக்கிழமை வார்னிஷைத்தான் பார்த்திருப்பீர்கள்.

---

நெல்லைச்சீமை எழுதியது:

பெஞ்சு பற்றி யாரும் பேசவில்லையே. நானும் ஒரு தடவை போயிருக்கிறேன். இருக்கைகளின் ஓரத்தில் பாவங்களைச் சின்னச் சின்ன மனிதர்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சோம்பல் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கும். பேராசை பணப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும். பெருந்தீனி தொந்தியைப் பிடித்துக்கொண்டிருக்கும். புறங்கூறுபவனுக்கு நாக்கு வெளியே தொங்கும். பிரசங்கத்தில் தூங்கினால் நம் கை சோம்பல் மேல்தான் படும், என்ன ஒரு ஏற்பாடு.

இன்னொன்று, பீடப் பக்கத்து மர மேசையில் ஒரு பையன் பெயர் கீறியிருக்கிறான். டிர்க் லோவர்சன், ஸ்டாக்ஹோம், 1665, வயது 12. கருங்காலி, 360 வருடமாக மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

---

நோர்விச்_நாடோடி எழுதியது:

கடிகாரப் பொம்மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1682 என்று தேதி போட்ட மரவீரன், கோடரியால் மணி அடிப்பான். சவுத்வோல்ட் சர்ச்சிலும் ஒருவன் உண்டு, அவன் இன்னும் பழையவன்.

1969 ஜூனில் ஆல்ட்பரோ இசை விழாவின் முதல் இரவே ஸ்னேப் மால்டிங்ஸ் அரங்கம் எரிந்துபோனது. விழாவை நடத்திய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் குழு மோட்சார்ட்டின் இடொமெனியோ ஓபராவைத் தூக்கிக்கொண்டு நேராக இந்தச் சர்ச்சுக்குத்தான் வந்தது. அந்த மரக்கூரைக்குக் கீழே ஒரு தடவையாவது இசை கேட்க வேண்டும்.

நாயைப் பிடுங்கிவிட்டீர்கள், குதிரை வளையத்தையாவது விடுங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வளையம் தூணில் இருக்கிறது. அதில் கட்டியது குதிரையா, சிப்பாயின் குதிரையா என்று எழுதிவைத்த வரி எதையும் நான் பார்த்ததில்லை. அதனால் வைத்துக்கொள்ளுங்கள். :)

---

சாரல் எழுதியது:

அடுத்த மாதம் அம்மா வருகிறார், திரும்பவும் போகிறோம். கதவையும் எழுத்து வரிசையையும் பார்க்காமலே வந்துவிட்டேன். அந்தக் கதவு எங்கே இருக்கிறது?

---

மரவேலை எழுதியது:

தெற்கு முகப்பு வழியாக உள்ளே வந்ததும் எதிர்ச்சுவரில் இருப்பது வடக்குக் கதவு. தடங்கள் உள்பக்கம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குழி தெரியும், நேரே அடித்தால் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். எழுத்து வரிசைக்கு வெளியே வந்து கிழக்குப் பக்கம் சுற்றிப் போக வேண்டும், மழை பெய்திருந்தால் புல் சேறாக இருக்கும், அம்மாவுக்கு நல்ல ஷூ போட்டுவிடுங்கள். கூரைக்கு பைனாகுலர் கொண்டுபோங்கள். சிறகுகளில் பொடிப் பொடியாக ஓட்டை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.